அஞ்சாருக்குச் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது

செய்தி செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மர்ழியா ராத்தாவின் மகன் றிஸ்வான். “அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா” என்றான். இரவு நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். என் வாயில் முதலில் வந்தது எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். “எப்ப தம்பி எடுக்கினம்? சனியோ, ஞாயிறோ?”

ரொறொன்ரோவில் எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் சனி ஞாயிறு வரும்வரை வைத்திருப்போம். எல்லோருக்கும் வேலை. லீவு எடுக்கேலாது. பார்வைக்கு ஒரு நாள், கிரியைக்கு ஒரு நாள். அந்த நினைப்பில் கேட்டுவிட்டேன். “அன்ரி, மத்தியானம் லுஹர் தொழுகையோட அடக்கியாச்சு” என்றான் றிஸ்வான். நான் பேக்கரியில் பாண் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரம் ராத்தாவை மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அது, எனக்கும் தெரியும், ராத்தாவே சொல்லியிருக்கிறார். பிள்ளையில் பிழையில்லை. எனக்குக் கோபம் ராத்தாவில்தான். இரண்டாம் தரமும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதல் தரம் போனது அஞ்சாருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ராத்தாவின் கைராசியையும் நல்ல குணத்தையும் எழுத அவரைத் தெரிந்த நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எழுதுங்கள், எல்லாம் உண்மை. நான் கோபத்தோடுதான் எழுதுவேன். ராத்தாவுக்கு என்னை அப்படித்தான் தெரியும்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணம். அவர் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவரின் மனைவி. நான் சுன்னாகம். ஊரில் ஒருநாளும் சந்தித்ததில்லை. தொண்ணூற்று மூன்றில் ஸ்காபரோவில் ஓர் ஆர்மீனியரின் பேக்கரியில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று ரொட்டி பொதி செய்யத் தொடங்கினோம். முதல் நாளே “அக்கா” என்று கூப்பிட்டேன். “அக்கா உங்கட வீட்டில கூப்பிடு. நான் ராத்தா” என்றார். அதோடு ராத்தாதான்.

முதலாளி ஹாகோப் தன் ஊர்ப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். தூண்களுக்கு மேல் வளைவு, அந்த வளைவுகளுக்கு மேல் இன்னொரு வரிசை வளைவு, பின்னால் மொட்டை மலை. ஒருநாள் அவர் அதைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது ராத்தா கேட்டார். “உது எந்தப் பள்ளிவாசல் எண்டு கேள்.” எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். பள்ளியுமில்லை, கோயிலுமில்லை, அரண்மனை என்றார் ஹாகோப். லெபனானில் அஞ்சார் என்ற சின்ன ஊர். முஸ்லிம்களின் ஆரம்பகாலக் கலீபா ஒருவர் கட்டின நகரம், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட, தெரு நீளக் கடைகளாம். அதில் மனிதர் சீவித்தது கொஞ்சக் காலம்தானாம். பிறகு இடிந்து கிடந்தது. ஹாகோப்பின் ஆட்களை அவர்களுடைய மலையிலிருந்து துரத்தியபோது அதன் பக்கத்தில் கூடாரம் அடித்துக் கொடுத்தார்களாம். இப்போது அது அவர்களின் ஊர்.

ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கட்டினது நாங்க, இருக்கிறது அவை, ரிக்கெற் காசு ஆருக்காம்?” என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. சிரித்ததில் ரொட்டிப் பை ஒன்று கிழிந்தது.

அஞ்சார் எங்களுடையது ஆனது இன்னொரு நாள். ராத்தா மக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், எப்படியும் ஒருக்கா உம்ராவுக்குப் போகவேண்டுமென்று. நான் யோசிக்காமல், “நானும் வரலாமோ ராத்தா?” என்று கேட்டேன். கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏலாது தங்கச்சி. அங்க உங்கட ஆக்களை விடமாட்டினம்.” என் முகம் போன போக்கைக் கண்டிருக்க வேண்டும். சுவரைக் காட்டினார். “அங்க போவம். அதுக்குள்ள ஆரும் போகலாம். மக்கா என்ர, அஞ்சார் எங்கட. சரியோ?”

சரி என்றேன். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அஞ்சார்தான். எனக்குக் கடவுச்சீட்டு இல்லை. என் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. ராத்தாவுக்கு முதலே சிற்றிசன்ஷிப் கிடைத்துவிட்டது. “நீ எடுக்கும் மட்டும் நான் இருக்கிறன். கல்லு எங்க ஓடப்போகுது?” என்பார். புருஷன்மார் இல்லாமல், பிள்ளைகள் இல்லாமல், இரண்டு பெண்கள் பிளேன் ஏறிப் போய்க் கல்லுப் பார்க்கப்போகிறோம் என்றால் சும்மாவா? குளிருக்கு என்ன போடுவது, ஹாகோப்பின் மச்சாள் வீட்டில் தங்கினால் ராத்தாவுக்கு ஹலால் சாப்பாட்டுக்கு என்ன வழி, எல்லாம் பேசி முடித்தோம்.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் தொண்ணூறாம் ஆண்டுக் கதையைச் சொன்னார். துவக்கோடு வந்து, சில மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன கதை. அனுப்பினது எங்கட இயக்கப் பெடியள். ராத்தா தான் விட்டுவந்த சாமான் ஒன்றையும் பற்றிச் சொல்லவில்லை. “ஒரு கலியாண வீட்டுக்குத் தைச்ச சட்டையள் கடையில தொங்கினது. உங்கட ஆக்களின்ர. அதைக் குடுத்திட்டு வாறன் எண்டு மனிசன் கெஞ்சினவர். விடேல்லை” என்றார். அவ்வளவுதான். நான் ஓவென்று அழத் தொடங்கிவிட்டேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். ராத்தா சுற்றி வந்து முதுகைத் தடவி, தேத்தண்ணீர் ஊற்றித் தந்து, “நீ என்ன செய்வாய், நீ என்ன செய்வாய்” என்று அரைமணி நேரம் என்னைத் தேற்றினார். ஹாகோப் என் வீட்டில்தான் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். அந்த அழுகையை நான் அன்பென்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ராத்தா ஒரு குறூப்போடு உம்ராவுக்குப் போனார். போகும்போது கட்டிப்பிடித்து அனுப்பினேன். வரும்போது எனக்குப் பேரீச்சம்பழமும் ஒரு சின்னப் போத்தலில் மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டுவந்தார். சாமித்தட்டில் வைத்தேன். திரும்பவும் மேசை, திரும்பவும் அஞ்சார். ஒரு மத்தியானம் நான் சும்மா கேட்டேன். “ராத்தா, அதுக்குள்ள செருப்போட நடக்கலாமோ?”

“செருப்பு சரிவராது. புல்லுக்குள்ள எல்லாம் முள்ளு. சப்பாத்துத்தான் போடோணும்” என்றார்.

நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். படத்தில் முள்ளில்லை.

“நீங்கள் போனனீங்கள்” என்றேன்.

“குறூப்பில எங்களை டமஸ்கஸுக்கும் கூட்டிக்கொண்டு போனவை. அங்கயிருந்து கிட்டத்தானே. பஸ்ஸில ஏத்தினாங்க, ஏறினன்.”

“வந்து எத்தினை கிழமை? இவ்வளவு நாளும் நான் விசரி மாதிரி இதில நிண்டு கதைக்க, நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்?”

“சொல்ல வாய் வரேல்லை, தங்கச்சி.”

மக்காவுக்குப் போனதில் எனக்கு ஒரு குறையுமில்லை. அது அவருடையது. அஞ்சார் எங்களுடையது என்று சொன்னது யார்? நானா கேட்டேன்? அவரே தந்து, அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னை ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்சிக்காரன் ஏமாற்றினான், சொந்தத் தம்பி ஏமாற்றினான். ஒன்றும் இப்படிச் சுடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ராத்தாவோடு கதைக்கவில்லை. ஒரே மேசை, எதிரெதிரே நிற்கிறோம், கதையில்லை. பெட்டி முடிந்தால் ஹாகோப்பிடம் சொல்லுவேன், அவர் அதை ராத்தாவிடம் சொல்லுவார். பாவம் மனிசன், தன் கடையில் தானே தபால்காரன் ஆனார்.

பனி கரையும்போது ராத்தா வோபர்னில் இருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி என் அப்பார்ட்மென்ருக்கு வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அதிலேயே தெரிந்தது, சமாதானம் பேச வரவில்லை என்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

“பஸ்ஸில ஏத்தினாங்க எண்டு சொன்னது பொய். நான்தான் கேட்டு, தனியா ஒரு கார் பிடிச்சுப் போனனான்” என்றார். “உன்னோட போகக்கூடாதெண்டுதான் போனனான்.”

தேத்தண்ணீர்க் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன்.

“அங்க வாசலால உள்ளுக்குப் போனா நேர்த் தெரு. ரெண்டு பக்கமும் கடையள். வரிசையா கடையள். ஹாகோப் அந்தக் கடையளைப் பற்றிச் சொல்லேக்கயே எனக்குத் தெரியும், அங்க போனா நான் அழுவன் எண்டு. நீ பக்கத்தில நிண்டா நீயும் அழுவாய். என்னைவிடக் கூட அழுவாய். பிறகு நான் என்ர அழுகையை விட்டிட்டு உன்னைத் தேத்தோணும். ஒருக்காவாவது எனக்கெண்டு அழவேணும்போல இருந்தது.”

“உங்களுக்காக அழுதது குற்றமோ?”

“குற்றமில்லை. எனக்கு ஏலாது.”

எழும்பிப் போய்விட்டார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். சொன்னது விளங்கியது. விளங்கினால் நோகாதா? நோவு கூடத்தான் செய்தது. என் கண்ணீரையும் ஒரு பாரமாய் எண்ணிவைத்திருந்திருக்கிறாரே, இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டு!

கதையில்லாமலே அடுத்த வருஷமும் வந்தது, எனக்குச் சிற்றிசன்ஷிப் கிடைத்தது. கிடைத்த உடனே அஞ்சாருக்கு ரிக்கெற் போட்டேன். என் மனிசன், “விசரே உனக்கு? ஆரோட போறாய்?” என்றார். தனியாகத்தான் என்றேன். அவர் போகலாம் என்றால் நானும் போகலாம்.

பெய்ரூற்றிலிருந்து வாடகைக் காரில் மலை ஏறி இறங்கி, சிரியன் ஆமியின் தடையில் நின்று கடவுச்சீட்டைக் காட்டி, ஹாகோப்பின் மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒழுங்கான சின்ன ஊர். அப்பிள் மரம், தேவாலயம், வாசலில் கதிரை போட்டு இருக்கிற கிழவர்கள். மச்சாள் அன்பான பெண். இடிபாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நின்றார். வேண்டாம் என்றேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். ராத்தா சொன்னது சரி, புல்லெல்லாம் முள்.

உள்ளே நேர்த் தெரு. நல்ல வெயில், பெரிய சனமில்லை. இரண்டு பக்கமும் கடைகள், முழங்கால் உயரச் சுவர்களாக. அங்கங்கே தூண். தூரத்தில் சுவரிலிருந்த படத்தின் வளைவுகள், கல் வரியும் செங்கல் வரியும் மாறி மாறி. நான் வளைவுகளிடம் போகவில்லை. ஒரு கடைக்குள் போய் நின்றேன். ஒரு தையல் மெசின், வெட்டுகிற மேசை, சட்டை தொங்கவிட ஒரு கொடி, அவ்வளவுக்குத்தான் இடம். அடுத்ததும் அந்த அளவு. அதற்கடுத்ததும் அந்த அளவு. ராத்தா இதில் எந்தக் கடைக்குள் நின்று அழுதாரோ!

எனக்கு அழுகை வரவில்லை. வரட்டும் என்று நின்றும் பார்த்தேன். கோபத்தில் கண் காய்ந்துபோய்விட்டது. ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு ரொட்டி தந்தாள். நாங்கள் ஸ்காபரோவில் பொதி செய்கிற அதே ரொட்டி. வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வந்து முதல் ஞாயிறே ராத்தா வீட்டுக்குப் போனேன். எங்கே போய்வந்தேன் என்று ஹாகோப் சொல்லியிருப்பார். கதவைத் திறந்தவர் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

“அழுதனியோ?” என்றுதான் கேட்டார்.

“இல்லை.”

“ஒரு சொட்டும்?”

“ஒரு சொட்டுமில்லை. உங்களில கோவம்தான் வந்தது.”

என் முகத்தைக் கன நேரம் பார்த்தார். பொய்யா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். “அப்ப நாங்க சேந்தே போயிருக்கலாம், தங்கச்சி.”

ராத்தாவைத் தெரிந்தவர்களே, உங்களிடம் அவருடைய நல்ல வார்த்தை எத்தனையோ இருக்கும். எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வசனம். அவர் மன்னிப்புக் கேட்டாரா, தன் தலையில் அடித்துக்கொண்டாரா, இன்னும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு திரும்பவும் கதைத்தோம், சிரித்தோம், ஹாகோப்புக்குத் தபால் வேலை போனது. “இன்னொருக்கா போவம், இந்த முறை ரெண்டு பேரும்” என்று இந்த வருஷமும் சொன்னார். சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டார். இந்தக் கோபத்தையும் அந்த வசனத்தோடு வைத்திருக்கிறேன்.

செய்தி வந்த அன்று பின்னேரமே வோபர்னில் ராத்தா வீட்டுக்குப் போனேன். வீடு நிறையப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ராத்தாவின் மகள் றிஃபா கண் வீங்கிப்போய் ஒரு மூலையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, கையில் தேத்தண்ணீரோடு என்னிடம் வந்தாள். தேத்தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளை என் மடியில் சாய்த்தேன். அவள் அழுது முடியும் மட்டும் நான் அழவில்லை.

வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டின பிறகுதான் அழுதேன். அஞ்சாரில் ராத்தா அழுதமாதிரி, தனியாக.