கறிவேப்பிலைக்குப் பிடித்த குடை

போன வாரம் இதே இடத்தில் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், பாட்டில் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள்... ஏகப்பட்ட உபதேசம். பெஹாலாவிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, "படிச்சு முடிச்சதும் ரெண்டு சொம்பு குடிச்சேன் சார்" என்றார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாவியது.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். கொல்கத்தா வெயிலில் வியர்வை வழியும், காயாது. சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஓடினால், சிங்க்குக்குக் கீழே மாலதி சுவரோடு சரிந்து கிடக்கிறார். கண் செருகியிருந்தது.

மாலதி ஆறு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர். விடியற்காலை லோக்கல் ரயிலில் வந்து, லேக் கார்டன்ஸில் எங்கள் அடுக்குமாடியிலேயே நான்கு வீடுகள் பார்க்கிறார். கடைசி வீடு எங்களுடையது.

நான் என்ன செய்தேன்? மயக்கம் வந்தால் செய்ய வேண்டியது என்று என் கட்டுரையில் என்ன எழுதியிருந்தேன் என யோசித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கீய? டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வாங்க!" என்றாள் மனைவி. சொந்த ஊர் திருநெல்வேலி. மற்ற நேரம் மறைந்திருக்கும் ஊர், அவசரத்தில் வெளியே வந்துவிடும்.

ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டு, ஃபேனைத் திருப்பி வைத்தோம். கண் திறந்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தால்... இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தினார்.

மனைவிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு வாரமாக மாலதி உள்ளே நுழைந்ததும் ஒரு பெரிய டம்ளர் நீர்மோர் கொடுக்கிறாள். 'பால்கனியில் காற்று வரும்' என்று மாலதி அங்கே எடுத்துப் போவார். காலி டம்ளர் திரும்பி வரும்.

"இன்னிக்கு மோர் குடிச்சியா, இல்லையா?"

பேச்சு நடந்தது வங்காளத்தில். தமிழில் தருகிறேன்.

"கோவிச்சுக்காதீங்க பௌதி," என்றார் மாலதி. இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "செடிக்கு ஊத்திட்டேன்."

பால்கனியில் எங்கள் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இரண்டு வாரமாக இலை நுனியெல்லாம் கருகிக்கொண்டிருந்தது. வெயில்தான் காரணம் என்று குடும்பமே கூடி முடிவு செய்து, கம்பியில் பழைய குடை ஒன்றைக் கட்டி, அதற்கு நிழல் கொடுத்திருந்தோம். கருக்கியது மோரில் போட்ட உப்பு என்று யாருக்குத் தெரியும்?

"ஏன், பிடிக்கலையா?"

"பிடிக்கும். குடிச்சா... போகணுமே."

"எங்கே?" இதைக் கேட்டவன் நான். பீரோ நிறையப் புத்தகம் வைத்திருப்பவன்.

மாலதி என்னைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். "விடியக்காலைல கிளம்பினா வீடு திரும்ப மூணு மணி ஆகுது. அதுவரைக்கும் தாங்கணும். கீழே வாட்ச்மேனுக்கு ஒரு கக்கூஸ் இருக்கு. ஆம்பளைங்க போறது, தாழ்ப்பாளும் கிடையாது. போன மாசம் நீர்க்கடுப்புல உயிரே போச்சு. டாக்டர் நிறைய தண்ணி குடின்னாரு. தாதா எழுதினாரே, அதேதான்."

தாதா என்றால் அண்ணன். நான்தான். அந்தக் கட்டுரையை, வீடு துடைத்துக்கொண்டிருந்தவரை நிறுத்தி வைத்து, வங்காளத்தில் வாசித்து வேறு காட்டியிருந்தேன். 'நல்லா இருக்கு தாதா' என்றிருந்தார்.

"நம்ம வீட்டுல ரெண்டு பாத்ரூம் இருக்கே, மாலதி!" என்றாள் மனைவி.

"இருக்கு பௌதி. தினம் நான்தானே கழுவறேன்."

"போகாதேன்னு நாங்க எப்பவாவது சொன்னோமா?" என் மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னதில்ல. போன்னும் சொன்னதில்ல."

ஆறு வருடம்! பூஜைக்குப் புடவை கொடுத்திருக்கிறோம். பிறந்தநாளுக்குப் பாயசம் கொடுத்திருக்கிறோம். நல்ல மனிதர்கள் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே ஓர் அபிப்பிராயமும் இருந்தது. கெட்ட மனசு வேண்டியதில்லை... ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டாலே போதும் போலிருக்கிறது.

மனைவி எழுந்து போனாள். ஹாலை ஒட்டிய பாத்ரூமில் புதுத் துண்டும் சோப்பும் வைத்துவிட்டு வந்தாள். "இது உனக்கும்தான். யாரையும் கேட்க வேணாம்." பிறகு டம்ளரை நீட்டினாள். மாலதி முழுக்கக் குடித்தார்.

"மத்த மூணு வீட்டுல?" என்றேன்.

மாலதி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பௌதி, இனிமே உங்க வீட்டுக்கு நடுவுல வரட்டுமா? ஒன்பதரைக்கு? ரெண்டு வீடு முடிச்சு இங்க... அப்புறம் ரெண்டு வீடு. அப்ப தாங்கிடலாம்."

ஒரு பெண் தன் உடம்பை வைத்து இப்படி டைம்டேபிள் போட வேண்டியிருக்கிறது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். லிஃப்டில் வெயிலைப் பற்றி நிறையப் பேசுவோம். இதை எப்படிப் பேசுவது என்று நான்கு நாளாக ஒத்திகை பார்க்கிறேன். தண்ணீர் குடியுங்கள் என்று ஊருக்கே எழுதியவனுக்கு, எதிர் ஃபிளாட் மணியை அடிக்க வாய் உலர்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து மாலதி ஒன்பதரைக்கே வருகிறார்; முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சோப்பு நனையாமல் இருந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு, இதே மேஜையில் உட்கார்ந்திருந்தபோது, ஹால் பாத்ரூமின் தாழ்ப்பாள் உள்ளிருந்து விழும் சத்தம் கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள்.

குடையை அவிழ்த்துவிட்டோம், செடியில் ஒரு துளிர் எட்டிப் பார்க்கிறது. மாலதி காலையிலேயே வந்து போய்விடுவதால், மதியப் பாத்திரங்களை இப்போது நான்தான் துலக்குகிறேன்.

துலக்கி முடித்ததும் தாகம் எடுக்கிறது.