ஒரு டன் மூட்டைகளும் ஐம்பத்தைந்து கிலோ அப்பாவும்

ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் கிளப் என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே காயின் விழுவதைவிடக் கதை விழுவதுதான் அதிகம். எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள், நான் மட்டும் ஆட்ட மாட்டேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் நான். வாரம் முழுக்கப் பதினொன்றாம் வகுப்பிடம் தோற்கிறவன் ஒரு நாளாவது எங்கேயாவது ஜெயிக்க வேண்டாமா?

மணலியில் டேங்கர் லாரி ஓட்டும் ஒருவர் ஒருநாள் ஆரம்பித்தார்.

"எம்பதுல போய்கினு கீறேன் மாமு. குறுக்க ஒரு எருமை. பிரேக்க ஒரே மிதி. பத்தடில நின்னுச்சு வண்டி. முன்னாடி வெச்சிருந்த கிளாஸ்ல டீ ஒரு சொட்டு சிந்தல!"

போர்டில் தூவியிருந்த பவுடரிலேயே விரலால் கணக்குப் போட்டேன். மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்றால் நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர். அதைப் பத்தடிக்குள் நிறுத்த ஏறக்குறைய கால் நொடிதான் கிடைக்கும். உள்ளே இருப்பவரை அவர் எடையைப் போல எட்டு மடங்கு விசை முன்னால் தள்ளும்.

"டீ சிந்துச்சா இல்லியான்னு உனக்கு எப்டித் தெரியும்? நீதான் கண்ணாடிய ஒடச்சிகினு எருமை மேல குந்தியிருப்பியே" என்றேன். கிளப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மீன் ஏலம் விடுகிற ஒருவர் தன் கதையில் மச்சானைக் காட்டுப்பள்ளியில் ஆறு மாடி உயரக் கிரேனிலிருந்து கீழே தள்ளினார். மச்சான் கையிலிருந்த குடையை விரித்தானாம், பஞ்சு மாதிரி இறங்கினானாம். அதற்கும் பவுடரில் கணக்குப் போட்டேன். குடை திரும்பிக்கொள்ளாமல் விரிந்தே இருந்தாலும் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. மழை பெய்தால் நனையாமல் சாகலாம், குடையால் அவ்வளவுதான் லாபம். மச்சான் உயிரோடு எண்ணூரில் இட்லி தின்றுகொண்டிருக்கிறான் என்று அவர் சத்தியம் செய்தார். அப்படியானால் அவன் கிரேனிலேயே ஏறவில்லை என்றேன்.

டேங்கர்காரருக்கு எருமை இன்னும் ஜீரணமாகவில்லை. "எங்க கதையெல்லாம் கிழிக்கிறியே, உங்க நைனா கதைய கிழி பாக்கலாம்" என்றார்.

அப்பா அந்த போர்டின் எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். ஹார்பரில் மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவருடைய தோஸ்து பாய். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய், வாலிபத்தில் அப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவர். ஒருநாள் கப்பலின் அடித்தளத்தில் பாயின் கால் பலகைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. தலைக்கு மேலே வலையில் ஒரு டன் அரிசி மூட்டைகள். தூக்கும் மெஷின் மக்கர் செய்ய, வலை சரசரவென்று இறங்கியது. மேல்தளத்தில் கயிற்றோரம் நின்ற அப்பா கயிற்றைப் பிடித்து நிறுத்தினார், பாய் காலை உருவும்வரை விடவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் பாய் வீட்டு முதல் பிரியாணித் தூக்கு எங்கள் வீட்டுக்கு வருவது அதனால்தான்.

நூறு முறை கேட்ட கதை. "கயித்த புட்சேன் பாரு" என்னும்போது அப்பா வலது கையால் காற்றில் மூன்று வட்டம் போடுவார். கதைக்குப் போடும் மசாலா என்று நினைத்திருந்தேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கிளப்பே என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கும் திமிர். அந்தக் காலத்து அப்பா ஐம்பத்தைந்து கிலோ, எதிரே ஆயிரம் கிலோ. கயிற்றை விட்டிருந்தால் பாய் காலி, பிடித்திருந்தால் கிணற்று வாளி மாதிரி அப்பா மேலே போயிருக்க வேண்டும். "நடக்காது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பாய் பவுடரையே பார்த்தார். "அப்போ நான் செத்துட்டேனா வாத்தியாரே?"

"கயிறு மேல கப்பி சக்கரத்துல சிக்கியிருக்கும் பாய். உங்க நல்ல நேரம்" என்றேன். அதற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. மற்றவர்களிடம் எதை மடத்தனம் என்பேனோ அதையே செய்தேன்.

அப்பா தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். "சிக்கிகினு இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் கிளப்புக்கு வரவில்லை. ஸ்ட்ரைக்கர் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. பாய் வந்தார், ஆடினார், என்னோடு பேசவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று வீம்பு பிடித்தேன். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

நாலாவது வாரம் மீன் வாங்கக் காசிமேடு போனேன். காற்று பலமாக அடித்தது. ஒரு பெரிய விசைப்படகு கரையை விட்டுப் போகத் திமிறியது. ஒல்லியான ஒருவர் அதன் கயிற்றை இடது கையால் பிடித்தபடி, வலது கையில் செல்போனை வைத்து ஐஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் நட்டிருந்த குட்டை இரும்புத் தூணில் கயிறு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

அப்பா காற்றில் போடுகிற மூன்று வட்டம்.

மீன் வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். மொட்டை மாடியில் இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. அதில் நைலான் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் நிறைந்த கேஸ் சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டேன். மறுமுனையை இரண்டு விரலால் பிடித்தேன். சிலிண்டர் அசையவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு பாரத்தைத் தின்றுவிடுகிறது. கணக்குப் போட்டால், மூன்று சுற்றில் ஒரு டன் சில கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. வருஷா வருஷம் உராய்வுப் பாடம் நடத்தி அதே பாடத்தில் நான் ஃபெயில்.

"மீன் எங்க? மொதல்ல சிலிண்டர எறக்கு, ஒல வெக்கணும்" என்றாள் மனைவி.

அப்பா டிவி முன்னால் இருந்தார். "நைனா, அன்னிக்கு கயித்த கப்பல் தூண்ல மூணு சுத்து சுத்தினியா?"

"அதான் கையால காட்னேனே."

"அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சுத்தாம எவனாவது கயித்த புடிப்பானா? ஹார்பர்ல சின்னப் பையனுக்குத் தெரியும். எம்மெஸ்ஸி படிச்சவனுக்கு நான் அத வேற சொல்லணுமா?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த ஞாயிறு கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போனேன். எல்லோர் முன்னாலும் பவுடரில் தூணை வரைந்து, மூன்று சுற்றுப் போட்டு, என் கணக்குத் தப்பு என்றேன். கயிறு சிக்கவில்லை, அப்பாதான் பிடித்தார் என்றேன். டேங்கர்காரர் விசிலடித்தார். அப்பா ஸ்ட்ரைக்கரை எடுத்து போர்டில் வைத்தார்.

பாய் மட்டும் குனிந்து பவுடரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி வருசமா நான் உயிரோடதான் கீறேனா வாத்தியாரே? நல்லா இன்னொரு வாட்டி கணக்கு போட்டுப் பாரு. வூட்ல சொல்லணும்."