சொட்டு அடைத்த வழி

அவருக்குச் சொட்டு என்று பெயர் வந்ததற்குத் தலைதான் காரணம் என்று நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. தலையில் முடி இல்லாதது உண்மைதான். ஆனால் பெயர் தொழிலால் வந்தது. பஸ், வேன், கார் எதுவானாலும் மழைத்தண்ணீர் உள்ளே புகாமல் ரப்பர் வைத்து அடைப்பது அவர் வேலை. அடைத்து முடித்ததும் வண்டிக்குள் தரை முழுக்கச் செய்தித்தாளை விரிப்பார். கூரைமேல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவார். பிறகு வெளியே வந்து, நனையாத செய்தித்தாளை மடித்து வண்டிக்காரர் கையில் கொடுத்து, "ஒரு சொட்டு வராது, எடுத்துட்டுப் போங்க" என்பார். முப்பத்தோரு வருடமாக இதே வசனம். மூன்று முறை தவிர எப்போதும் பலித்திருக்கிறது. அந்த மூன்றைப் பற்றி அவரிடம் யாரும் பேசக் கூடாது.

அப்பேர்ப்பட்டவரிடம் வந்து, காருக்குள் சூடாகக் காற்று வருகிறது என்றார் மேட்ரன் அம்மா.

மேட்ரன் அம்மா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் சர்வேயர். ஊரையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த மனிதர், ஒரு காலத்தில் காயலான் கடையிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இழுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே தின்னக் கொடுத்து ஓட வைத்தார். இரண்டே பேர் உட்காரலாம். மேல்துணியை மடித்துவிட்டால் வானம்தான் கூரை. இப்போது வண்டிக்கு ஐம்பது வயது. போன வருடம் மழைக்காலத்தில் சர்வேயருக்கு மூளையில் ரத்தம் கட்டி வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் ஏனோ தங்கிவிட்டது: நாளைக்கு.

பசிக்கிறதா என்று கேட்டால் "நாளைக்கு" என்பார். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றாலும் அதேதான். வாழ்நாளில் எதையும் நாளைக்கென்று தள்ளிப் போடாத மனிதருக்கு அந்தச் சொல்தான் மிஞ்ச வேண்டுமா என்று மேட்ரன் அம்மாவே சிரிப்பார். சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அறுபத்தோரு வயதில் அந்த அம்மா தரையோடு தரையாக ஓடும் அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் கணவரைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்து ஒரு சுற்று போய்வந்தார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் மலர்ந்திருக்கும்.

"போன வாரம் குளிப்பாட்டறப்பதான் பாத்தேன். வலது கால்ல கோலிக் குண்டு மாதிரி கொப்புளம்" என்றார் சொட்டிடம். "அந்தக் கால் நடுவுல இருக்கற கியர் மேட்டோட ஒட்டி இருக்கும். அடியில சைலன்சர் குழாய். சூடு அப்படியே உள்ள வருது. அவருக்கு அந்தக் கால்ல உணர்ச்சி கிடையாது, சுட்டாத் தெரியாது. தெரிஞ்சாலும் என்ன சொல்லப் போறார், நாளைக்குன்னுதான் சொல்லுவார். நான் கனமான ஷூ போட்டுக்கிட்டு, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்னு பக்கத்துலயே உக்காந்து ஓட்டிட்டிருக்கேன். நானெல்லாம் ஒரு நர்ஸ்!"

சொட்டு காருக்குள் குனிந்து அந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நிக்கற வரைக்கும் அவரை ஏத்த மாட்டேன். நிக்கலன்னா வண்டியை வித்துருவேன். கண்ணெதிர நிறுத்தி வச்சு ஏத்தாம இருந்தா மனுஷன் ஏங்கியே போயிருவார்."

"விக்கறதா? ஒரு நாள் வேலைம்மா. அடைச்சிரலாம்" என்றார் சொட்டு, வாய் கூசாமல்.

கியர் கம்பியைச் சுற்றியிருந்த தோல் உறை கிழிந்திருந்தது. புதிதாக ரப்பர் வைத்துத் தைத்தார். மேட்டின்மேல் கனத்த கம்பளி ஒட்டி, அதற்கும் மேலே தகடு அடித்தார். பழக்கப்படி செய்தித்தாளை விரித்து, வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார். சூடு இல்லை. மடித்த செய்தித்தாளை நீட்டப் போனவரை மேட்ரன் அம்மா ஒரு சுற்று அழைத்துப் போனார். முக்கால் கிலோமீட்டர் தாண்டவில்லை, ஹேண்ட் பிரேக் பக்கமிருந்து சுடச்சுடக் காற்று சொட்டின் இடுப்பில் அடித்தது.

அதை அடைத்தார். பெடல்களின் ஓரமாக வந்தது. அதையும் அடைத்தார். இருக்கைக்கு அடியில், ஆணி கழன்றுபோன ஒரு துளை வழியாக வந்தது. மேட்ரன் அம்மா தந்த காய்ச்சல் மானியை அங்கே வைத்துப் பார்த்தார். அது நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டு, அதற்குமேல் போக வழியில்லாமல் நின்றது. வண்டி நின்றால் காற்றும் நின்றது, ஓடினால் வந்தது. ஒரு துளையை அடைத்தால் அடுத்த துளையில் முன்னைவிட வேகமாக வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையை மட்டும் தரையெங்கும் ஒட்டி ஓட்டிப் பார்த்தார். அத்தனை தாளும் ஒரேயடியாக எழுந்து ஆடின. சொட்டு திருதிருவென விழித்தார்.

வீட்டிலும் அதே நினைப்புத்தான். ஐந்தாம் நாள் காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சவரக் கிரீமைப் பிதுக்கிக்கொண்டு நின்றவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள் மனைவி.

"என்னங்க, வாயையும் அடைக்கப் போறீங்களா?"

"தண்ணின்னா மேலேர்ந்து கீழ வரும், எனக்குத் தெரியும். இது கீழேர்ந்து மேல வருதே. யார் இதை உள்ள கூப்புடறாங்கன்னே புரியலடி."

"அப்ப கூப்புடறது யாருன்னு பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவருக்கு எரிச்சலாக வந்தது. வண்டியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?

அன்று சர்வேயர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். நிற்கிற வண்டியிலாவது உட்கார வைக்காவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். சொட்டு அவர் காலடியில் மல்லாந்து, டாஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே டக், டக் என்று சத்தம் கேட்டது. சர்வேயர் இடது கையை நீட்டி, டாஷ்போர்டுக்குக் கீழே நடுவில் இருந்த சின்னக் கைப்பிடியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

"ரேடியோ கேக்கறார். ஒரு மாசமா இதே பாடுதான்" என்று மேட்ரன் அம்மா குனிந்து ரேடியோவைப் போட்டார். சர்வேயர் அதை அணைத்தார். மறுபடி கைப்பிடியை இழுத்தார். "நாளைக்கு!" என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

சொட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். கம்பி மாட்டியிருக்கும் கைப்பிடி அப்படி லொடலொடக்காது. டார்ச்சைத் திருப்பினார். கைப்பிடியின் பின்புறம் வெறுமையாக இருந்தது, கம்பியைக் காணோம். யார் கழற்றினார்கள் என்று யோசித்த அந்த நொடியில் டார்ச்சை அணைத்துவிட்டார். கழற்றியது சொட்டேதான்.

போன வருடம் சர்வேயர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கார் மழையில் நின்று உள்ளே குளமாகிவிட்டது. எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்றார் மேட்ரன் அம்மா. முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் முடிவில், கைப்பிடியை இழுத்தால் திறக்கும் கையகல மூடி ஒன்று இருந்தது. அதன் ரப்பர் இற்றுப்போயிருந்தது. அந்த வளைவுக்குப் பொருந்தும் ரப்பர் எங்கும் கிடைக்கவில்லை. சொட்டு கம்பியைக் கழற்றி, மூடியைச் சுற்றிலும் அடைப்புப் பேஸ்ட் பூசி, தேய்த்து, மேலே பெயிண்ட்டும் அடித்து, அப்படி ஒரு மூடி இருந்ததே தெரியாமல் செய்துவிட்டார். தன் கை வேலையிலேயே அதுதான் உசத்தி என்று பத்துப் பேரிடம் காட்டியும் இருக்கிறார்.

எழுந்து போய் அந்த இடத்தை விரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது. ஆனால் மேலே அடைத்ததற்கும் கீழே சூடு வருவதற்கும் என்ன சம்பந்தம்? மண்டை காய்ந்தது. பஸ் பட்டறையில் வேலை பார்த்த காலம் நினைவுக்கு வந்தது. பின் ஜன்னல்களை மட்டும் திறந்து ஓட்டினால் புகை உள்ளே வருகிறது என்று ஜனங்கள் சத்தம் போடுவார்கள். கண்டக்டர் ஓடிப்போய் முன் ஜன்னலைத் திறந்துவிடுவார், புகை நின்றுவிடும். ஏன் என்று அன்று அவர் கேட்டதில்லை. கண்டக்டரும் சொன்னதில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ஜன்னல் வழியாகவோ திறந்த கூரை வழியாகவோ காற்று வெளியே போய்க்கொண்டே இருந்தால், வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? முன்வாசலைப் பூட்டிவிட்டால் கொல்லைப்புறமாகத்தானே வரும்? இவ்வளவுதான் புரிந்தது. அதுவும் பாதிதான் நம்பினார்.

கத்தியை எடுத்தார். அறுக்க மனம் வரவில்லை. சர்வேயர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கண்கொட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. கம்பியை மாட்டினார். சர்வேயரை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று போனார். கால் பக்கம் சில்லென்று காற்று வந்தது. தரையில் ஒட்டிய தாள்கள் ஆடாமல் கிடந்தன. கை வைத்துப் பார்த்தார், சூடு இல்லை. வேகத்தைக் கூட்டினார், அப்போதும் இல்லை. சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினார். அடுத்த வளைவில் கொப்புளம் நினைவுக்கு வந்தது. சந்தோஷம் அங்கேயே வடிந்துபோனது.

திரும்பி வந்ததும் மேட்ரன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நின்னுருச்சும்மா. ஆனா அந்தக் கொப்புளம்... அது நான் போட்டது. அவர் திறந்து வச்சிருந்த காத்து வழியை நான்தான் அடைச்சேன். சார் ஒரு மாசமா அதைத்தான் காட்டிட்டிருந்திருக்கார்."

மேட்ரன் அம்மா கணவரைப் பார்த்தார். குனிந்து அவர் வேட்டியை வலது காலின்மேல் இழுத்துவிட்டார்.

"அடைக்கச் சொன்னது நான். ரேடியோ போட்டதும் நான்" என்றார் கடைசியில்.

"மழை வந்தா அந்த மூடி வழியா உள்ள சொட்டும்மா. மறுபடி அடைக்காம அதை நிறுத்த எனக்கு வழி தெரியல."

"நனைஞ்சா துடைச்சுக்கலாம். சுட்டா என்ன பண்றது?"

முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாகச் செய்தித்தாள் கொடுக்காமல் ஒரு வண்டியை அனுப்பினார் சொட்டு.

இரண்டு வாரம் கழித்து, சாயங்கால நேரத்தில் திடீரென்று மழை கொட்டியது. பட்டறைக் கூரையில் சத்தம் கேட்டதும் சொட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது அவர்கள் சுற்றப் போகும் நேரம். போன் போட்டார். ஐந்தாறு மணியடித்த பிறகுதான் எடுத்தார் மேட்ரன் அம்மா.

"வழியில மாட்டிக்கிட்டோம். மேல்துணியைப் போட்டுட்டு ஓரமா நிறுத்திருக்கேன்."

"உள்ள தண்ணி வருதாம்மா?"

"வருதாவா? கொட்டுது! ரெண்டு பேர் காலும் தொப்பல். அவரைக் கேளுங்க."

போனுக்குள் மழைச் சத்தத்தை மீறிக்கொண்டு ஒரு சிரிப்பு கேட்டது. சர்வேயர் சிரித்துச் சொட்டு இதுவரை கேட்டதில்லை. சிரிப்புக்கு நடுவே, "நாளைக்கு" என்றார் சர்வேயர்.

"சரிங்க சார்" என்றார் சொட்டு. போனை வைத்துவிட்டு, சந்தோஷமாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.