லியோட்டா மறைத்த பதினான்கு மாதங்கள்

சபைக்குப் பாதுகாப்புக் குழு வேண்டும், அதற்கு இரண்டு நாள் துப்பாக்கிப் பயிற்சி, யாரெல்லாம் வருகிறீர்கள் என்று போதகர் லைல் கேட்டபோது முதலில் உயர்ந்தது ஹார்லன் டிட்வெலின் கைதான். பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லியோட்டா பாட்டுப் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

மற்ற யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. பெட்ரி ஊரில் ஹார்லன் கை தூக்காமல் வேறு யார் தூக்குவது? ஷெரிஃப் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் டெபுட்டியாக, அதாவது மாவட்டப் போலீஸ்காரராக, இருந்தவர். எழுபத்து மூன்று வயதிலும் நிமிர்ந்த முதுகு. இன்னொரு மாவட்டத்தில் ஆராதனை நடக்கும்போதே ஒருவன் புகுந்து சுட்டுவிட்டுப் போன செய்தி வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தானாகவே போய் வாசல் கதவோரம் நிற்பார். அவர் நிற்கிறார் என்ற தெம்பில்தான் பெண்கள் கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள்.

"நானும் வரேன்" என்றாள் லியோட்டா.

சபை முழுக்கச் சிரித்தது. "சிஸ்டர் லியோட்டா பியானோவுக்குள்ள துப்பாக்கிய ஒளிச்சு வெச்சுக்கப் போறாங்க. இனிமே யாராவது சுதி தப்பிப் பாடினா அவ்வளவுதான்!" என்றார் ஆர்வில் பீஸ்லி. பருத்தி ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹார்லனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஹார்லன்-லியோட்டா கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்.

லியோட்டாவும் சிரித்தாள். பதினான்கு மாதமாக அவள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் லபக் நகரத்து டாக்டர் ஹார்லனின் நோய்க்குப் பெயர் சொன்னார். அதற்கும் முன்பே அவளுக்குத் தெரியும். காப்பிப் பாத்திரம் குளிர்பெட்டிக்குள் இருந்தது. மாட்டுத் தீவனம் வாங்கப் போனவர், "லீ, இது எந்த ஊருன்னு தெரியல" என்று நாற்பது மைல் தள்ளியிருந்து போன் செய்தார். மகளை, செத்துப்போன தன் அக்காவின் பெயரால் கூப்பிட்டார். டாக்டர் எல்லாம் சொல்லி முடித்து, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். "இரும்பு பீரோவுல பூட்டி வெச்சிருக்கு" என்றாள் லியோட்டா. சாவி யாரிடம் என்று டாக்டர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் ஹார்லன் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். இரு பக்கமும் உழுது போட்ட வயல், மேலே வெறும் வானம். பிறகு சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லிடாத, லீ. நான் எல்லாத்தையும் மறந்து முடிக்கிற வரைக்குமாவது என்னை ஹார்லனாவே இருக்க விடு."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவளை இந்தப் பயிற்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டிலும் கடையிலும் சபையிலும் அப்படித்தான் சமாளித்து வந்தாள். அவர் ஒரு பெயரைத் தேடித் தடுமாறும்போது அவள் அதை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். லியோட்டாவுக்கு வாய் நீளமாகிவிட்டது, புருஷனைப் பேசவே விடுவதில்லை என்று ஊரில் பேச்சு வந்தது. பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பருத்தி வெடித்து வயலெல்லாம் வெள்ளையாகக் கிடந்த அக்டோபரில், சபையின் வேனில் ஏழு பேர் புறப்பட்டார்கள். போதகர் லைல் ஓட்டினார். தபால் அலுவலகத்து நெல்டா ஒரு டப்பா நிறையப் பீக்கன் கொட்டை மிட்டாய் செய்துகொண்டு வந்திருந்தாள். ஆலையில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர் பின்சீட்டில்.

"டேய் ஹார்லன், அந்த வாத்தியாருக்கு நீ சுட கத்துக் கொடுத்துட்டு வந்துடுவியோன்னுதான் எனக்குப் பயம்" என்றார் ஆர்வில்.

"உனக்குக் கத்துக் கொடுக்கறதுதான்டா கஷ்டம். மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனா தண்ணித் தொட்டியச் சுட்டவன் நீ."

"அந்தத் தொட்டிதான்டா முதல்ல என்னைப் பார்த்து முறைச்சுது!"

வேன் குலுங்கச் சிரித்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய தண்ணீர்த் தொட்டி ஹார்லனுக்கு அச்சுப் பிசகாமல் நினைவிருந்தது. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. இது மற்ற யாருக்கும் தெரியாது என்பதில் லியோட்டாவுக்கு அப்போதும் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பின்னால் அவள் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

பயிற்சி மைதானம் ஒரு பழைய மேய்ச்சல் நிலம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு, அதன் முன்னால் வரிசையாக மனித உருவம் அச்சிட்ட காகித இலக்குகள். பயிற்சி கொடுத்த டிரென்ட் ராணுவத்தில் இருந்து வந்தவன்; முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டான்.

"தோட்டா இல்லைன்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க. எல்லாத் துப்பாக்கியிலயும் தோட்டா இருக்கு. இலக்கைப் பார்க்கற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே. அழிக்க வேண்டாம்னு நினைக்கற எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதீங்க. முன்னால ஆள் நடமாட்டம் இருக்கும்போது யார் கையும் உறைகிட்டப் போகக் கூடாது. புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது" என்றார் ஹார்லன், மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக.

முதல் நாள் அவர் சுட்டதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். உறையிலிருந்து எடுத்ததும் தெரியவில்லை, சுட்டதும் தெரியவில்லை. ஆறு தோட்டாவும் காகித நெஞ்சில் ஒரு கைப்பிடி அளவுக்குள் போய் உட்கார்ந்தன. டிரென்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சார், நீங்க எதுக்கு வந்தீங்க? நான் உங்ககிட்ட கட்டணம் வாங்கினதே தப்பு."

அன்று மாலை தங்கியிருந்த விடுதி அறையில் ஹார்லன் சின்னப் பையனைப் போல இருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரே கதையைத் திரும்பச் சொல்லாமல், ஒரு வார்த்தைக்கும் தடுமாறாமல் பேசினார். டாக்டர் தவறாகச் சொல்லியிருப்பாரோ என்று லியோட்டாவுக்குத் தோன்றிவிட்டது. ஏமாறுவதற்கு அவள் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் காற்று பலமாக இருந்தது. பதினொரு மணி வாக்கில் ஒரு சுற்று முடிந்து, "நிறுத்துங்க! எல்லாம் உறைக்குள்ள! முன்னால போய் ஓட்டைய ஒட்டிட்டு வாங்க" என்று டிரென்ட் குரல் கொடுத்தான். காகிதத்தில் விழுந்த ஓட்டைகளை ஒட்டுவதற்கு ஆளுக்கொரு ஒட்டுக்காகிதச் சுருளோடு நடந்தார்கள். முழங்கால் வலியால் லியோட்டா பின்தங்கினாள். ஹார்லனும் போகவில்லை. வரிசையின் மறுகோடியில் டிரென்ட் நெல்டாவின் இடுப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"துப்பாக்கியக் கீழ போடுடா! வேட்! கீழ போடு!"

அந்தக் குரலை லியோட்டா முப்பது வருடமாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஹார்லன் கால்களை அகட்டி நின்று, இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டியிருந்தார். குழலுக்கு நேரே பதினைந்து தப்படியில் ஆர்வில் பீஸ்லியின் முதுகு.

வேட் யார் என்று அவளுக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஹார்லனின் கூட்டாளி டெபுட்டியைச் சுட்டுக் கொன்றவன். அன்று ஹார்லன் ஒரு கணம் தயங்கினார். அந்த ஒரு கணத்தில் கூட்டாளி போய்விட்டான். அதைப் பற்றி அவர் கல்யாண வாழ்க்கையில் இரண்டு முறைக்கு மேல் பேசியதில்லை. இப்போது தயங்கக் கூடாது என்று அவர் விரல் உள்ளே போயிருந்தது.

ஆர்வில் விளையாட்டு என்று நினைத்துத் திரும்பினார். சிரித்துக்கொண்டே காகிதச் சுருள் இருந்த கையைத் தூக்கப் போனார்.

"ஆர்வில், அசையாத" என்றாள் லியோட்டா. சிரிப்பு அப்படியே அவர் முகத்தில் நின்றது.

ஹார்லன் என்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. அவர் நின்ற இடத்தில் அவள் அவருக்கு மனைவி இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் அவள் ஷெரிஃப் அலுவலகத்தில் வயர்லெஸ்ஸில் பேசியவள். ஹார்லன் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குரலைத்தான் கேட்டார்; வயர்லெஸ்ஸில் அவர் ஏழு, அவள் கன்ட்ரோல். அவள் காதடைப்பானைக் கழற்றினாள். நடுக்கமில்லாத, ஏற்ற இறக்கமில்லாத அந்தப் பழைய குரல் வந்தது.

"ஏழு, கன்ட்ரோல்."

அவர் தோள் லேசாக அசைந்தது.

"ஏழு, கன்ட்ரோல். பதில் சொல்லுங்க."

"சொல்லுங்க கன்ட்ரோல்" என்றார் ஹார்லன். குழல் இறங்கவில்லை.

"ஆள் பிடிபட்டாச்சு. திரும்பச் சொல்றேன், ஆள் பிடிபட்டாச்சு. எல்லாரும் பத்திரம். ஆயுதத்தை உறையில போட்டுட்டு வண்டிக்குத் திரும்புங்க."

காற்று காகித இலக்குகளைப் படபடவென்று அடித்தது. "எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டார் அவர்.

"எல்லாரும் பத்திரம், ஏழு."

"புரிஞ்சுது கன்ட்ரோல்." விரலை வெளியே எடுத்தார். துப்பாக்கியை உறையில் போட்டு, வாரையும் இழுத்துப் பூட்டினார், எந்த விதியும் தவறாமல். பின்னாலிருந்து பூனை போல வந்த டிரென்ட் அவர் கையை மெல்லப் பிடித்து, துப்பாக்கியை உருவிக்கொண்டான். ஹார்லன் சுற்றிலும் பார்த்தார். "என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க? சாப்பாடு வந்தாச்சா?"

நெல்டாதான் முதலில் அழுதாள்.

"மேடம், இது எப்பலேருந்து?" என்று டிரென்ட் தனியாகக் கேட்டான். "வெயில் ஒத்துக்கல" என்று தொடங்கினாள் லியோட்டா. அவன் ஹார்லனின் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். "பதினாலு மாசம்" என்றாள் பிறகு.

ஆர்வில் வேனின் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தொடைக்கிடையில். அவள் பக்கத்தில் போனதும் தலை நிமிராமலே சொன்னார்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் அவன் இடுப்புல தோட்டாவோட இருக்கறப்ப என்னை அவன் முன்னால நடக்க விட்டே."

"அவன் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னான், ஆர்வில்."

"நான் யாரோவா, லியோட்டா?"

திரும்பும் வழியில் மிட்டாய் டப்பாவை யாரும் திறக்கவில்லை. ஹார்லன் மட்டும் தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னார். ஆர்வில் சிரித்தார். சிரித்த சத்தம்தான் வந்தது.

அடுத்த வாரம் போதகர் லைல் ஹார்லனை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில், ஆர்விலும் லியோட்டாவும் ஹார்லனின் சாவியால் பீரோவைத் திறந்தார்கள். பதினோரு துப்பாக்கிகள். ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றி ஆர்வில் தன் வண்டியில் ஏற்றினார்.

மூன்றாம் நாள் ஹார்லன் பீரோவைத் திறந்து பார்த்தார். வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டார். சின்ன வயது டெபுட்டி ஒருவன் வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் சொன்னதையெல்லாம் மரியாதையோடு எழுதிக்கொண்டான். இதற்கு மேல் தாங்காது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லியோட்டா வாயைத் திறந்தாள். அதற்குள், டெபுட்டியின் வண்டியைப் பார்த்து வந்து வாசலில் நின்ற ஆர்வில் உள்ளே வந்துவிட்டார்.

"நான்தான்டா எடுத்தேன்" என்றார்.

ஹார்லன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? என் வீட்டுல சாப்பிட்டவன்டா நீ."

"ஆமா. நான்தான். திருப்பித் தர மாட்டேன்."

"வெளிய போடா திருட்டு நாயே."

பின்னாலேயே போய் முற்றத்தில் லியோட்டா ஆர்விலை நிறுத்தினாள். "நான் கொடுத்தேன்னு சொல்லியிருக்கணும். நீ ஏன் இப்படி?"

"ராத்திரி பகலா உன்கூட இருக்கப் போறவன். உன் மேல கோபம் வந்தா அவன் எங்க போவான்? என் மேல இருக்கட்டும். எனக்கு வீடு இருக்கு." சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவளை மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். புல் வெட்டினார், குழாய் மாற்றினார், ஹார்லன் வழுக்கி விழுந்த பிறகு குளியலறையில் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஹார்லன் ஜன்னலிலிருந்து கத்துவார்: "லீ, ஆர்வில் வந்திருக்கான், எதையாவது தூக்கிட்டுப் போயிடப் போறான், பாத்துக்க." ஆர்வில் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஹார்லன் இருக்கும் பக்கம் மட்டும் அவர் முதுகைத் திருப்பவே மாட்டார். கையில் ஒன்றும் இல்லாத கிழவன் என்று தெரிந்தும் அது அவருக்கு முடியவில்லை. லியோட்டா அதைப் பார்த்துக்கொண்டே பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்து வைப்பாள். அவர் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சபையில் புதிய குழு அமைந்தது. வாசலில் வேறு ஆட்கள் நின்றார்கள். ஹார்லனும் கொஞ்ச நாள் அவர்களோடு நின்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு நிற்பதை மறந்துபோனார். பிறகு சபையையே மறந்துபோனார். இரண்டாவது வருடக் குளிர்காலத்தில் லியோட்டாவை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டால், "ரொம்ப நன்றி மேடம், உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்" என்பார். அவள் அடுத்த பொத்தானைப் போடுவாள்.

அதற்கடுத்த குளிர்காலத்தில், பிப்ரவரியில், நெஞ்சில் சளி கட்டி, ஆறு நாளில் போய்விட்டார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து மரியாதைக்காகக் கொடி மடித்துக் கொடுத்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு, சபையின் பின்கட்டில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த லியோட்டாவின் பக்கத்தில் ஆர்வில் வந்து துண்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"செவ்வாக்கிழமை பாக்க வந்தப்பகூட கண்ணத் திறந்து, திருட்டுப் பய ஆர்வில்னான்" என்றார். "அந்தக் கோபத்தோடயே போயிட்டான். அறுபத்தி எட்டு வருஷம் அவன்கூடப் பழகியிருக்கேன்."

லியோட்டா குழாயை மூடினாள்.

"என் பேர் அவனுக்கு ஒரு வருஷமா தெரியாது, ஆர்வில். பொண்ணு பேர் தெரியாது. அவன் பேரே அவனுக்குத் தெரியாது. உன் பேர் மட்டும் கடைசி வரைக்கும் இருந்துது."

ஆர்வில் கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததைக் கொடுத்தாள்.