எந்த ஓம்?

எங்கள் அம்மா யார் எதைச் சொன்னாலும் "ஓம் ஓம்" என்பார். எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம்; ஆனால் அம்மாவின் ஓம் சம்மதம் அல்ல. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்கான சத்தம், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இதை ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிட்னிக்கு வந்து அந்த ஓம் "யெஸ் யெஸ்" ஆனபோதுதான் வினை வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. சிட்னிப் புறநகரான மெரிலேண்ட்ஸில் எங்கள் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர்: அப்பா, அம்மா, நான். அதிலும் அப்பாவைச் சேர்ப்பது கொஞ்சம் அநியாயம். அவருக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. வடக்கே, வெகுதூரத்தில், பூர்வீகக் குடிகளின் நிலத்தில் ஒரு வனப்பூங்கா வரவிருந்தது. அங்கே ஆற்று மீனையும் ஆமையையும் வாத்தையும் யார், எப்போது பிடிக்கலாம் என்பதை அந்த மக்களும் அரசாங்கமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் குறிப்பெடுப்பது அப்பாவின் பொறுப்பு. போனால் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், ஆளைக் காணக் கிடைக்காது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு சேர ஆளில்லை. இடைவேளையில் தண்ணீர்க் குழாயடி வரிசையில் நின்று, தாகமே இல்லாமல் நாலைந்து தரம் தண்ணீர் குடிப்பேன். வரிசையில் நின்றால் தனியாக நிற்பது தெரியாது அல்லவா! ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா வாங்கித் தந்த ஆறு அழைப்பு அட்டைகளிலும் பெயர் எழுதினேன். ஒன்றையும் கொடுக்கவில்லை. கொடுத்தும் அவர்கள் வராவிட்டால்? அப்பா ஒருவர் வந்தால் எனக்குப் போதும். வந்துவிட்டார், பத்து நாள் முன்னதாகவே. வடக்கே மழை தொடங்கினால் பாதை மூடிவிடும், இனிக் கொஞ்சக் காலம் பயணமில்லை என்றும் சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் டைப்ரைட்டரை வைத்து அறிக்கையை அடித்தார். மீன் சினைப்படும் மாதங்களில் ஆற்றுவாயை மூடுவது, அந்த மாதங்களைக் கந்தோரே குறிப்பது என்று அறிக்கை பந்தி பந்தியாகப் போனது. ஒவ்வொரு பந்தியின் கீழும் 'சம்மதம்' என்று அடித்தார்.

"ஒரு கிழவர், நல்ல மனிசன். நாங்கள் வாசிக்க வாசிக்க எல்லாத்துக்கும் 'யா, யா' எண்டு தலையாட்டினார். ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை," என்று பெருமையடித்தார்.

அம்மா குசினிக்குள்ளிருந்து "ஓம் ஓம்" என்றார்.

மறுநாள் பின்வளவில் அம்மா வைத்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வேலியோரத்துக் கறிவேப்பிலை மரத்தைக் காணோம். பிரிஸ்பேனிலிருந்து யாரோ மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்த கன்று. குளிருக்குச் சாக்குப் போர்த்தி வளர்த்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி கையில் மரம் அரியும் வாளோடு சிரித்துக்கொண்டு நின்றார். வேலியில் சாய்கிறது, நானே வெட்டிவிடட்டுமா என்று முதல்நாள் கேட்டாராம். அம்மா "யெஸ் யெஸ்" என்றாராம். உதவி செய்த சந்தோஷம் அவருக்கு, பாவம்.

அம்மா கதிரையில் விழுந்து அழுதார்.

"நீர்தானே ஓம் எண்டு சொன்னனீர்?" என்றார் அப்பா.

"ஓம் எண்டால் வெட்டச் சொன்னதோ? அவ கடகடவெண்டு கதைக்கிறா, எனக்கொரு இழவும் விளங்கேல்லை. பேசாமல் நிண்டால் மரியாதையில்லை எண்டு ஓம் ஓம் எண்டனான்."

அப்பா 'யா, யா' என்று தனக்குள் முணுமுணுத்தார். மேசைக்குப் போய் அடித்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அன்று முழுக்க டைப்ரைட்டர் சத்தமே இல்லை. திங்கட்கிழமை கந்தோரில், இந்த அறிக்கையைக் கொடுக்கமாட்டேன், திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்றாராம். முடிந்த காரியத்தை ஏன் கிண்டுகிறாய் என்று மேலதிகாரி கத்தினாராம். அப்பா அசையவில்லை. மழைக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று பயணத்தைக் குறித்தார். அது என் பிறந்தநாளுக்கு முதல் நாள்.

"குஞ்சு, அப்பா ஒருக்காப் போட்டு வரட்டோ? அம்மா கேக் செய்வா. உனக்குப் பரவாயில்லைத்தானே?"

"ஓம்," என்றேன்.

"கெட்டிக்காரி!" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பிறந்தநாளன்று அம்மாவும் நானும் கேக் வெட்டினோம். இரண்டு பேருக்கு அது மிகப் பெரிய கேக். ஆறு அட்டைகளையும் டைப்ரைட்டரின் மூடிக்குள் ஒளித்துவைத்தேன். மரம் வெட்டுப்பட்ட பிறகுதானே அப்பா புறப்பட்டார்? புதுக் கன்று தேடித்தான் போயிருக்கிறார் என்று நம்பினேன். ஒரு மரம் என்னைவிடப் பெரிதாகிவிட்டதே என்று அழுகை வந்தது.

மூன்று கிழமை கழித்து வந்தார். கையில் கன்று இல்லை.

"அந்த ஆத்தைப் பற்றிக் கதைக்கிற உரிமை கிழவருக்கு இல்லையாம். அது வேற குடும்பத்தின்ரை இடம். வந்த ஆக்களின்ரை முகத்தை முறிக்கக் கூடாதெண்டு யா யா எண்டவராம்," என்று அம்மாவிடம் சொன்னார். "உரிய ஆக்கள் வந்தவை. அங்கை ஒண்டைக் கேட்டுப்போட்டுப் பேசாமல் பக்கத்திலை இருக்க வேணும், மறுமொழி வரும்வரைக்கும் எழும்பக் கூடாது. மூண்டு நாள் இருந்தனான். ஆத்தை எப்ப மூடுறதெண்டு தாங்கள்தான் சொல்லுவினமாம். கந்தோர் தங்களோடை கூட இருக்கட்டாம்."

"ஓம் ஓம்," என்றார் அம்மா.

"இது எந்த ஓம்?" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிக்கையைத் திருத்த டைப்ரைட்டர் மூடியைத் தூக்கினார். ஆறு அட்டைகளும் மேசையில் விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களை வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அட்டைகளை வீணாக்கியதற்கு ஏச்சு விழப்போகிறது என்று பயந்துகொண்டே போனேன்.

"அண்டைக்கு நீ ஓம் எண்டது, அப்பாவைப் போகச் சொல்லித்தானோ?"

"ஓம்," என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தது. அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார், அது ஆறியது. அறிக்கை அப்படியே கிடந்தது, அவர் எழும்பவேயில்லை. இந்த மனிதர் எதற்காக இப்படிப் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. டைப்ரைட்டர் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.