தங்கவேலு வண்டியின் எட்டுத் திரைகள்

ஓடுகிற வண்டியில் எதையாவது மாட்டித் தருகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. மாட்டியது கழன்று விழுந்தால் பழியை ரோட்டின் மேல் போட்டுவிடலாம். திண்டுக்கல் பைபாஸ் ஓரம் சீட் கவர் தைக்கும் கடையை வைத்துக்கொண்டு நானும் பல வருடம் அப்படித்தான் காலம் தள்ளினேன். நீங்கள் ஆணி அடித்து மாட்டிய கடிகாரம் மறுநாள் தரையில் கிடக்க, சுவர்தான் சரியில்லை என்று வீட்டில் சாதித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஆள் எங்கே?

ஒட்டன்சத்திரம் தங்கவேலு தேங்காய் வியாபாரம் பார்த்தவர். அதை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய கேரவன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. குடும்பத்தோடு பழனி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, தானே ஓட்டிப் பிழைப்பது என்று திட்டம். வண்டிக்கு எட்டு ஜன்னல். ஒவ்வொன்றிலும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து ஏறி இறங்கும் திரை. முதல் ஓட்டத்திலேயே எட்டில் ஐந்து கழன்று தொங்கிவிட்டன.

அது நிஜமாகவே ரோடு செய்த வேலைதான். திரையைச் சுவரோடு பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் குலுங்கிக் குலுங்கி விட்டுப்போயிருந்தன. உள்ளே ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிளிப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட்டால் நிற்கும் என்று சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கண் மட்டும் என் தோளுக்கு மேலாகக் கடைக்குள் யாரையோ தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டார்.

"அதெல்லாம் சரிங்கக்கா, வேலை செய்யற ஆளு எப்ப வருவாருங்க?"

சினிமா வண்டி

குலுக்கிப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் திருப்பித் தருவதில்லை. அதற்கென்றே சித்தையன்கோட்டைப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மண்பாதை வைத்திருக்கிறேன். அதில் நின்ற திரை எங்கும் நிற்கும். தங்கவேலு ஓட்ட, நான் உள்ளே உட்கார்ந்து எட்டுத் திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனேன். அடுப்பு மேல் இருந்த டம்ளர் உருண்டது, நான் இரண்டு தடவை உருண்டேன், திரைகள் அசையவில்லை.

பாதி வழியில் வண்டியை நிறுத்தினோம். கேரவனைப் பார்த்ததும் பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று கேட்டார்கள். தங்கவேலு பெருமையாகச் சிரித்தார். என்ன சத்தம் என்று நான் திரையை ஏற்றிப் பார்த்தேன். கையில் ஸ்க்ரூடிரைவர், பல்லுக்கு நடுவில் இரண்டு ஸ்க்ரூ, தலையெல்லாம் தூசி. முன்னால் நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முந்தானையை உதறினார்.

"இதுக்குப் போயி அம்புட்டுப் பூவையும் போட்டுட்டு ஓடியாந்தமே."

மாப்பிள்ளை தலை

அதற்கடுத்த வாரம் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று புது மாப்பிள்ளையையும் சம்பந்திகளையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போய்வந்தது. திரும்பும்போது ஒரு திரை கழன்று நேராக மாப்பிள்ளை தலையில் விழுந்தது. எட்டுப் பேர் இருந்த வண்டியில் அது அவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாம். தங்கவேலு வண்டியை அப்படியே என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை, ரோடு என்றேன். உடனே எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரோட்டைத் திட்டுவதில் நம் ஊரில் சம்பந்திகளுக்குள்கூட ஒற்றுமை உண்டு. பெண்ணைப் பெற்ற அம்மாள் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாப்பிள்ளை ஒரு வார்த்த சொல்லலம்மா. சம்பந்தியம்மாதான் ஒட்டஞ்சத்திரத்துல ஆரம்பிச்சாக, இன்னும் முடிக்கல."

ரிவிட்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோடா நானா பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூக்களைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜன்னல் மேல் பலகையில் இரும்புப் பட்டை வைத்து ரிவிட் அடித்தேன். பிடித்துத் தொங்கினாலும் வராது என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குத் தவறவில்லை. அடுத்த பார்ட்டி பழனி போய்த் திரும்பியபோது திரை பட்டையோடு கெட்டியாகத்தான் இருந்தது, பட்டை பலகையோடு இருந்தது, பலகை மட்டும் சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

தங்கவேலு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்தப் பார்ட்டி பலகையைப் படம் பிடித்துப் போனில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டதாம். வந்த இரண்டு புக்கிங்கும் போய்விட்டதாம்.

"வர்ற வாரம் ஏழு நாளைக்கு ஒரு பார்ட்டி இருக்குதுங்க. அதுலயும் விழுந்துச்சுன்னா வண்டிய வித்துட்டு, மச்சினங்கிட்டயே தேங்கா உரிக்கப் போயிருவேனுங்க."

சண்முக நதி

அன்று ராத்திரியே பலகையை ஒட்டிச் சரிசெய்து கொடுத்தேன், ஆனால் நானும் கூட வருவேன் என்று சொல்லிவிட்டேன். பார்ட்டியிடம் என்னை மெக்கானிக் என்று அறிமுகம் செய்தார்கள். தாராபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், எட்டுப் பேர். வழியெல்லாம் அவர்கள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அந்தோணியாரை விடவில்லை. இருவரில் யார் காதில் விழுந்ததோ, சண்முக நதி வரைக்கும் ஒரு திரையும் ஆடவில்லை.

நதியில் எல்லோரும் குளித்தார்கள். முதலில் திரும்பி வந்தவர் தங்கவேலுதான். வண்டிக்குள் ஏறினார். தனக்குப் பக்கத்து ஜன்னலின் திரையைச் சரியாகப் பாதி இறக்கினார். ஈர வேட்டியைப் பிழிந்து, திரையின் கீழ்ச்சட்டத்தில் பாங்காக மடித்துப் போட்டார். மேலே துண்டைப் போட்டார். ஜன்னலைத் திறந்துவைத்தார், காற்றில் சீக்கிரம் காயும் அல்லவா. பின்னாலேயே வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்கள். வேட்டி, சேலை, பாவாடை என்று ஐந்தே நிமிஷத்தில் எட்டுத் திரையும் கொடியாகிவிட்டது. வண்டி கிளம்பியது. ஒவ்வொரு குழிக்கும் ஈரத்துணி திரையை ஒரு இழு இழுத்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று தடவை ஓட்டையைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன், அதில் என்ன தொங்கியது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த மனிதர் தேங்காய் உரிக்கப் போயிருப்பார். நான் கடையில் உட்கார்ந்து ரோட்டைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

பார்ட்டிக்கு முன்னால் முதலாளியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அடிவாரத்தில் அவர்கள் மலையேறப் போன பிறகு, கடைத்தெருவில் நைலான் கயிறு வாங்கி வந்து வண்டியின் பின்பக்கம் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கட்டினேன். துணிகளை எல்லாம் எடுத்து அதில் போட்டேன். என்ன செய்கிறேன் என்று கேட்ட தங்கவேலுவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இது என்னங்கக்கா கனம் இருக்கப் போவுது? அந்தப் பெரிய குழியில எறங்குனப்ப நீங்க தூங்கிட்டீங்களாட்ட இருக்குது."

எட்டும் எட்டாக

ஏழு நாளும் முடிந்து வண்டி திரும்பியபோது எட்டுத் திரையும் இருந்த இடத்தில் இருந்தன. கயிற்றை மட்டும் அவிழ்க்காமல் கொக்கி அடித்து நிரந்தரமாக்கினேன். தாராபுரம் குடும்பம் சொல்லி வேறு இரண்டு குடும்பங்கள் வந்தன. அப்புறம் கொடைக்கானல் சீசன். வண்டி நிற்க நேரமில்லாமல் ஓடியது.

போன வாரம் தங்கவேலு கடைக்கு வந்தார், சும்மா பார்த்துவிட்டுப் போக. முகத்தில் தெளிவு வந்திருந்தது. விற்கிற பேச்சே இல்லை என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். கயிற்றில் அவருடைய துண்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

"போன மாசம் ரோடு போட்டாங்க பாருங்கக்கா, அதுக்கப்புறம் ஒரு தெரை கூட விழறதில்லீங்க."

வண்டி அவர் கையைவிட்டுப் போகாமல் இருந்ததே போதும் என்று, முகத்தில் இடித்த அந்த ஈரத்துண்டை ஒதுக்கிவிட்டு, ரோடு போட்டவர்கள் நல்லா இருக்கட்டும் என்று நானும் மனசார வாழ்த்தி அனுப்பிவைத்தேன்.