மாமனாரின் பைப்பில் புது உப்பு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு மாமனார், அவரைக் கொண்டுவந்து விட்ட மச்சான் குமார். வேறு யாரும் இல்லை. நல்லவேளை.

மாமனார் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் காலத்திலிருந்து வாயில் பைப் - புகையிலை அடைத்துப் பிடிக்கிற மரப் பைப். கூட வேலை பார்த்த சிநேகிதர் சாகும்போது கொடுத்தது. பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விடமாட்டார். எட்டாவதோடு நின்ற எனக்குப் பெண் கொடுத்ததில் அவருக்கு இன்னும் மனக்குறை என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அவர்தான் முந்தின நாள் சாயங்காலம் பைப்பை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, கண்ணு சரியா தெரியல. நீயே க்ளீன் பண்ணிக் குடேன். ஈர்க்குல துணி சுத்தி உள்ள விட்டு எடுத்தா போதும்."

போதும் என்றால் நான் விடுகிற ஆளா? கசடு சரியாகப் போகவில்லை என்றால்? கசந்தால்? செல்போனில் வீடியோ பார்த்தேன். பைப் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, பிராந்தி ஊற்றி, ராத்திரி முழுக்க வைத்தால் கசடெல்லாம் உப்பில் இறங்கிவிடுமாம். எங்கள் ஊர் மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்? அன்றைக்குத்தான் உப்பளப் பாத்தியிலிருந்து வாரிய உப்பை இடித்து அடைத்தேன். பிராந்தி, குமார் உபயம்.

காலையில் கவிழ்த்தேன்... வரவில்லை. தட்டினேன்... அசையவில்லை. மேலே ஈரம் கசிய, உள்ளே இறுகிக் கிடந்தது.

"புது உப்ப யாராவது போடுவாங்களாங்க? வீடியோக்காரன் பாக்கெட் உப்பு போட்டிருப்பான்" என்றாள் செல்வி.

"கத்திய விட்டு நோண்டு மாமா" என்றான் குமார்.

அவனுக்கென்ன? மரம் விரிசல் விட்டால்? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நம்பிக் கொடுத்திருக்கிறார். எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா மாப்ள, சத்தமே காணோம்?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"புது உப்பு வேர்த்து இறுகும்னு இந்த ஊர்ல கைக்கொழந்தைக்குக்கூட தெரியும். வெயில்ல வை. காஞ்சா தானா விட்டுடும். கத்தி எதுனா உட்டியா?"

"இல்ல மாமா. பயந்துட்டேன்."

சுவரோரம் வெயிலில் வைத்து, வடகத்துக்குக் காவல் இருப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் உள்ளங்கையில் தட்டினால்... காப்பித்தூள் நிறத்தில் பொலபொலவென்று கொட்டியது. அப்பாடா.

மாமனார் உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"விரிசல் இல்ல. உள்ள கரியும் அப்படியே இருக்குது. அதுதான் மரம் கருகாம காப்பாத்துறது. கத்தி பட்டிருந்தா போயிருக்கும். நீ பயந்தாங்கொள்ளியா இருந்ததும் நல்லதாப் போச்சு."

பயப்படாதே என்றுதான் இதுவரை எல்லோரும் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கும்தானே? சில நாள் அந்தப் பயம்தான் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

புகையிலை அடைத்துப் பற்றவைத்தார்.

"டாக்டர் வேணான்னாரேப்பா" என்றாள் செல்வி.

"அது கண்ணுக்கு."

ஓர் இழுப்பு. முகம் சுளித்தார்.

"உப்பு கரிக்குது மாப்ள. சாயங்காலம் திரும்ப க்ளீன் பண்ணிக் குடு. வெறும் ஈர்க்கு."